உமா ஓயாப் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் நடை

மண்சரிவில் வீடும் தோட்டமும் இழந்து, உறவினர் வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "மலைப் பக்கம் வேறு காணி தரப் போவதாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்க்கும்போது நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?" என்பதே அக்கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெயர்ந்து இறங்கியபின் இது பல குடும்பங்களின் கேள்வியாகிவிட்டது. மேசையில் இருந்து இதற்குப் பதில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களையே அழைத்துக்கொண்டு, ஒரு பள்ளத்தாக்கை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

ஒன்பது பேர் போனோம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இருந்து நால்வர். அவர்களில் இருவர் பெண்கள். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர், அருட்சகோதரி ஒருவர், இதழின் சார்பில் இருவர். ஒன்பதாமவர் வவுனியாவில் இருந்து வந்த பெரியவர். அவர் பிறந்தது ஊவாவின் தேயிலைத் தோட்டமொன்றில். 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தின் பின் பதினாறு வயதில் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். காடு வெட்டி, கிணறு வெட்டி, மிளகாயும் உழுந்தும் பயிரிட்டு, யுத்தத்தில் மேலும் மூன்று தடவை இடம்பெயர்ந்து, இப்போது மீண்டும் தன் காணியில் இருப்பவர். "மலையைப் பார்த்து எத்தனையோ வருஷம், நானும் வருகிறேன்" என்று பஸ் ஏறி வந்திருந்தார்.

உமா ஓயாவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பீதுருதலாகலையின் கிழக்குச் சரிவுகளில் தொடங்கும் இந்த ஆறு வெலிமடையைக் கடந்து, ரந்தெம்பேக்கு அருகில் மகாவலியோடு சேருகிறது. இந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே தேயிலைத் தோட்டம், மரக்கறிச் சேனை, அடுக்கு வயல், அணைக்கட்டு, மலைக்கடியில் போகும் சுரங்கம் எல்லாவற்றையும் காணலாம். ஊவாவின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரை பெய்துவிடும். ஆனி பிறந்தால் புரட்டாதி வரை வரண்ட காற்றுத்தான். அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்றுத்தான் மரக்கறிக்காரரின் ஊற்றையும் வற்றச் செய்கிறது. மழை நின்று நிலம் இன்னும் காயாத மாசி மாதத்தில் போனோம். நிலத்தில் நீர் எங்கே நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதைப் பார்க்க அதுவே ஏற்ற காலம் என்று போதனாசிரியர் சொன்னார்.

கல்லுக்கட்டு

முதல் நாள் காலை தோட்டமொன்றின் உச்சி மலையில் இருந்து இறங்கத் தொடங்கினோம். பனி விலகியபோது எதிர்ப்பக்க மலைகளில் செம்மண் கோடுகள் தெரிந்தன, நகத்தால் கீறியது போல. எங்களோடு வந்த பெண்களில் ஒருவர் அவற்றை எண்ணத் தொடங்கி, ஏழில் நிறுத்திவிட்டார்.

தேயிலைக்குள் இறங்கும் பாதையின் ஓரமாகக் கல்லுக்கட்டு ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. முழங்கால் உயரம், சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. சில இடங்களில் பாசி பிடித்து, கல் எது மண் எது என்று தெரியவில்லை. அதற்குக் கீழே ஒரு கான். கானுக்குள் பத்தடிக்கு ஒரு முறை மண்ணைத் தடுப்பாக விட்டு வெட்டியிருந்தார்கள். ஓடி வரும் மழைநீர் ஒவ்வொரு தடுப்பிலும் சற்று நின்று, மண்ணைக் கீழே விட்டு, தெளிந்த நீராக அடுத்த பள்ளத்துக்கு வழிகிறது. வருடத்துக்கு ஒரு முறையேனும் கானில் நிற்கும் மண்ணை அள்ளி மேற்பக்கத் தேயிலைக்குப் போட வேண்டும். அள்ளாவிட்டால் கான் நிரம்பி, ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு, இல்லாத ஓடையை உண்டாக்கிவிடும்.

கானைச் சுத்தம் செய்துகொண்டிருந்த முதியவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வன்னிப் பெரியவரைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன் விட்டுப்போன தோட்டத்தின் பெயரை, ஏதோ நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவர் போலப் பெரியவர் சொன்னார். பிறகு இருவரும் எங்களை மறந்து சிறிது நேரம் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லுக்கட்டு முதியவரின் பாட்டனார் காலத்தது. 'ரோட் டிரேசர்' என்ற கருவியைக் கண்ணில் வைத்து, மட்டம் பார்த்து, முளை அடித்துக்கொண்டு துரையின் ஆள் முன்னால் போவாராம். பின்னால் கல் புரட்டுகிறவர்கள் போவார்களாம். "அவங்க முளை அடிச்சாங்க, நாங்க மலையைக் கட்டினோம்" என்றார் முதியவர். ஊவாவில் தேயிலை வருவதற்கு முன் கோப்பி இருந்தது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட கோப்பி இலைநோய் அதனை அழித்தது. அந்தக் காலந்தொட்டு இந்தச் சரிவுகளில் மண் நிற்பது இத்தகைய கட்டுகளாலும் கான்களாலும்தான்.

நிலம் யாருடையது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கட்டியவர்களின் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் எழுதப்படவில்லை. அண்மைக் காலத்தில் புதிய வீட்டுக்கென்று 7 பேர்ச் என்ற கணக்கு வந்திருக்கிறது, அதுவும் கிடைத்தவர்களுக்கு. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீட்டைக் கட்டிய பின் நாலு கறிமிளகாய்க் கன்று நட இடமிருக்கும். அதை விவசாயக் காணி என்று நாங்கள் எழுதமாட்டோம்.

"உங்களுக்குச் சொந்தமில்லாத மலைக்கு ஏன் ஐயா இவ்வளவு பாடு?" என்று எங்களோடு வந்த இளைஞர் கேட்டுவிட்டார். முதியவர் கோபப்படவில்லை. கீழே கையை நீட்டிக் காட்டினார். கானுக்கு நேர் கீழே அவருடைய லயம் இருந்தது.

சேனையில் மேலும் கீழும்

தோட்ட எல்லையைத் தாண்டினால் மானாப்புல் மேடு, அதற்கப்பால் கிராமத்தாரின் மரக்கறி நிலங்கள். கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று பச்சை பச்சையாகச் சதுரங்கள். பார்க்க அழகுதான். ஆனால் கிட்டப் போனதும் போதனாசிரியர் முகம் மாறியது. அநேக நிலங்களில் பாத்தியும் சாலும் மேலிருந்து கீழாக இழுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சாலும் மழை நாளில் ஒரு சிற்றாறு ஆகும்.

கமக்காரர் அறியாமையால் இப்படிச் செய்கிறார் என்று எழுதுவது எளிது. நாங்களும் முன்பு அப்படி எழுதியிருக்கிறோம். நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த சிங்களக் குடும்பத்திடம் அருட்சகோதரி விசாரித்தார். அவர்கள் சொன்ன காரணம் நேர்மையானது. மாரியில் சால் குறுக்காக இருந்தால் நீர் தேங்குகிறது. தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகுகிறது. வாடல் நோய் வருகிறது. விதைக்கிழங்கின் விலையை நினைத்தால் மண் போனாலும் பரவாயில்லை, கிழங்கு தப்பட்டும் என்று தோன்றுகிறது. இறக்குமதிக் கிழங்கு எந்த வாரம் சந்தைக்கு வந்து விலையை விழுத்தும் என்பது அவர்கள் கையில் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது பட்ட கடன் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது காரணத்தை வீட்டுக்காரப் பெண்மணி மெல்லிய குரலில் சொன்னார். காணி அவர்களுடையதல்ல. ஒரு போகத்துக்குக் குத்தகை. அடுத்த போகம் இதே இடம் கிடைக்குமோ தெரியாது. கல்லுக்கட்டு வைக்க ஒரு மாதம் போகும், மரவரிசை வளர இரண்டு வருடம் போகும். யாருக்காக வைப்பது?

இடம்பெயர்ந்து பிறர் காணியில் குந்தியிருக்கும் எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளைக்குப் போகச் சொல்வார்கள் என்று தெரிந்தால் மாங்கன்று நட யாருக்குக் கை வரும்?

போதனாசிரியர் அங்கேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது 4 கன மீற்றர் மண், ஏறத்தாழ 5 தொன். ஐம்பது கிலோ உரப்பையில் அள்ளினால் 100 பை. கமக்காரர் காசு கொடுத்துப் போட்ட உரமும் அதற்குள்ளேயே போகிறது. கணக்கைச் சிங்களத்தில் சொன்னபோது அந்த வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் நிலத்தின் கீழ் மூலைக்கு எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். வேலிக் கற்களுக்கு மேல் மண் அரையடி உயரத்துக்கு ஏறி நின்றது. அது மேல் நிலத்துக்காரருடைய மண். தன் மண் எங்கே என்று கேட்டால் அடுத்த வேலியில் தேட வேண்டும்.

இதற்கு மாற்று வழி ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில், ஒரு திருச்சபைப் பண்ணையில் உருவானது. மிசிசிப்பியில் இருந்து போன ஹரல்ட் வாட்சன் என்ற பப்டிஸ்ற் மிஷனரி, அவ்வூர் விவசாயிகளோடு சேர்ந்து 1970களில் தொடங்கிய முயற்சி அது. சரிவுக்குக் குறுக்கே, மட்டக்கோட்டின் வழியாக, நாலைந்து மீற்றருக்கு ஒரு இரட்டை மரவரிசை. மரம் என்றால் சீமைக்கிளுவை போன்ற, நிலத்துக்குத் தழைச்சத்துக் கொடுக்கும் வகை. ஒன்றரை அடி உயரத்தில் அடிக்கடி வெட்டி, இலையைப் பயிரின் அடியில் போடுவார்கள். இடையிலுள்ள பட்டிகளில் பயிர். மேலிருந்து வரும் மண் மரவரிசையில் தங்கித் தங்கி, சில வருடங்களில் நிலம் தானாகப் படிபோல் ஆகிவிடும். வாட்சனுக்கு 1985இல் மக்சேசே விருது கிடைத்தது. இலங்கையின் மலைகளிலும் இம்முறை பரப்பப்பட்டது.

இங்கே அது எதிர்பார்த்த அளவு நிலைத்ததா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். அரை ஏக்கர் மரக்கறிக்காரருக்கு மரவரிசைக்கு விடும் இடமே பெரிது. வெட்டுவதற்கு ஆள் வேண்டும். ஹக்கலைப் பக்கத்துக் குளிரில் சீமைக்கிளுவை சரியாக வளர்வதில்லை. அங்கே வெட்டிவேரோ காட்டுச் சூரியகாந்தியோதான் சரி. ஆயினும் மட்டக்கோடு என்ற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். மரமில்லாவிட்டால் கல், கல்லில்லாவிட்டால் புல். கிழங்கு அழுகும் என்ற பயத்துக்கும் வழியுண்டு. சாலைச் சரியான மட்டத்தில் இழுக்காமல் பக்கவாட்டில் மிகச் சிறு சரிவு கொடுத்து, ஓரத்தில் புல் பதித்த வடிகானில் விட்டால் நீர் தேங்காது, ஓடவும் செய்யாது, நடந்து போகும்.

மட்டம் பார்க்க ரோட் டிரேசர் தேவையில்லை. ஆறு, ஏழு அடி நீளமான இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். உச்சியில் இருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களும் நிற்கும் இடங்களில் முளை அடித்து, நூல் குறுக்குக் கம்பில் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே முளைகளில் வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரி நடுவே ஒரு குறி வையுங்கள். நூல் அந்த நடுக்குறியில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஒரு காலை ஊன்றி மற்றக் காலைச் சுழற்றிச் சுழற்றி மலையைச் சுற்றிப் போனால் மட்டக்கோடு கிடைத்துவிடும். வன்னிப் பெரியவரும் அந்த இளைஞரும் இருபது நிமிடத்தில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். குத்தகைக்காரர் அதைத் தன்னிடம் விட்டுப்போகச் சொன்னார். விட்டுவந்தோம்.

வயலும் ஆறும்

பகல் சாய்ந்தபின் அடுக்கு வயல்களுக்கு இறங்கினோம். இங்கே மண் போவதில்லை. ஒவ்வொரு தட்டும் வரம்பு கட்டி, மேல் தட்டின் நீர் கீழ்த் தட்டுக்குச் சிறு வாய்க்காலால் விழுகிறது. மாரியில் நெல், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு. நெல்லுக்கு நின்ற நீர் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் சிலவற்றையும் புழுக்களையும் குறைத்துவிடுகிறது என்று ஊர்க்காரர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலும் கிழங்கு பயிரிடுகிறார்கள், ஆனால் அங்கே அது மாரி முடியும் குளிர்காலத்துப் பயிர். காலம் மாறினாலும் இரண்டு ஊராரின் கவலையும் விதைக்கிழங்கு விலைதான்.

இந்த வயல்கள் ஒரு தடவை அழிக்கப்பட்டவை என்பதும் நினைவுக்கு வந்தது. 1817, 1818 ஊவா எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை வீடுகளை எரித்து, பயிரையும் கால்நடையையும் அழித்துச் சனங்களைக் கலைத்தது. பக்கத்துச் சிறுநகரான கெப்பெட்டிபொல, அந்த எழுச்சியின் தலைவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இடம்பெயர்வு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதியதல்ல.

வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு மேலே போனால், ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு ஊற்றில் முடிகிறது. ஊற்றுக்கு மேலே சிறு மரக்கூட்டம் இருந்தது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வன்னிப் பெரியவர் அங்கே நெடுநேரம் நின்றார். "எங்கட பக்கம் குளக்கட்டைக் காப்பாற்றினால் தண்ணி இருக்கும். இங்க இந்த நாலு மரம்தான் குளக்கட்டு" என்றார்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. உமா ஓயா தேநீர் நிறத்தில் ஓடியது, பால் விட்ட தேநீர். காலையில் பார்த்த சேனைகளின் உரமும் மண்ணும் அதில்தான் போகின்றன. ரந்தெம்பே நீர்த்தேக்கத்தில் மணல் நிரம்புவதற்கு உமா ஓயா கொண்டுவரும் மண்ணே பெரும் காரணம் என்பதை நீர்ப்பாசனத் துறையினர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

சுரங்கத்துக்கு மேலே

இரண்டாம் நாள் பண்டாரவளைப் பக்கம் போனோம். இங்குள்ள கதை வேறு. ஊவாவின் நீரை வரண்ட தென்கிழக்குக்குக் கொண்டுபோகும் உமா ஓயாத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. புஹுல்பொலவில் ஓர் அணை, டயரபாவில் ஓர் அணை. அங்கிருந்து மலைக்கடியால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியாக எல்ல–வெல்லவாய வீதிப் பக்கமுள்ள கரந்தகொல்லவுக்கு நீர் போகிறது. அங்கே நிலத்தடியில் 120 மெகாவோட் மின்நிலையம். அதன்பின் மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வயல்கள். ஈரானின் அப்போதைய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியின் முன்னிலையில் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தபோது, 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் அதற்குள் பாயத் தொடங்கியது. மேலேயுள்ள கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இலும் பெரும் கசிவு ஏற்பட்டது. அவ்வருடம் ஜூன் மாதம் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஹீல்ஓயாப் பக்கம் நாங்கள் பேசிய ஒரு வீட்டில் கிணறு இருந்தது. கிணற்றின்மேல் பலகை போட்டு விறகு அடுக்கியிருந்தார்கள். சுவரில் வெடிப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் திகதிகள் எழுதியிருந்தன. வெடிப்பு எவ்வளவு தூரம் நீண்டது என்று வீட்டுக்காரர் தானே குறித்து வந்திருக்கிறார். மதிப்பீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று வேறென்ன இருக்கிறது!

மொனராகலைக் கமக்காரருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வரட்சியில் வாடுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் மலையின் உள்ளே நீர் எப்படி நிற்கிறது என்று மேலே இருக்கும் மனிதரிடமும் கேட்டிருக்கலாம். இந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கும் போகவில்லை. காணியை யாரும் பறிக்கவில்லை. தண்ணீர் போனதால் பயிர் போனது, பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போனார்கள்.

காணி பார்க்கப் போகிறவர்களுக்கு

இனிக் கேள்விக்கு வருவோம். மலையில் தரும் காணியை ஒரு தரம் வெயிலிலும் ஒரு தரம் மழை நாளிலும் பாருங்கள். முதலில் காணிக்கு மேலே ஏறுங்கள். மேலே கைவிடப்பட்ட, கான் அள்ளாத தேயிலையோ, புதிதாக வெட்டிய பாதையோ இருந்தால் மழைநீர் எவ்வழி வரும் என்று பாருங்கள். பெரிய கற்கள் மண்ணில் கலந்து கிடக்கும் இடம், ஒரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்த இடமாக இருக்கலாம். மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் நிலம் மெதுவாக நகர்கிறது. மின்கம்பம் சாய்வது, நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பது, கதவு யன்னல் திடீரென இறுகுவது, தெளிந்த ஊற்றுக் கலங்குவது, ஓடிய ஊற்று நிற்பது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது எல்லாம் எச்சரிக்கைகள். கடைசி மூன்றையும் பெண்கள்தான் முதலில் காண்கிறார்கள், தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் அவர்களே. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

மழையை அளக்கப் பழகுங்கள். நேர்ச்சுவருள்ள வெற்றுப் பேணியை மரம், கூரை மறைக்காத வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். இரவில் வெளியேறும் வழியைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு மீரியபெத்த சாட்சி. இந்தப் பள்ளத்தாக்கின் தெற்கே, மலையின் மறுபுறத்தில், கொஸ்லாந்தைக்கு அருகில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்விடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் யார் தந்தார்கள் என்பதே உயிர் தப்பியவர்கள் கேட்ட கேள்வி. அவர்களுக்குப் புதிய வீடுகள் 2016இல்தான் கிடைத்தன.

இரண்டாம் நாள் மாலை, எங்களோடு வந்த குடும்பங்களில் ஒன்றுக்குக் காட்டப்பட்ட காணியையும் போய்ப் பார்த்தோம். ஏழு பேர்ச். பாதைக்குப் பக்கம், பாடசாலைக்குக் கிட்ட. அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் மகிழ்ச்சிதான் தெரிந்தது. பிறகு அவர், யாரும் சொல்லாமலே, மேலே ஏறினார். முப்பது யார் தூரத்தில் கான் ஒன்று மண்ணால் நிரம்பிப் புல் மூடிக் கிடந்தது. அதற்குக் கீழே நிலம் சற்றே குழிந்து, காணியின் நடுவால் இறங்கியது. மழையில்லாத அந்த நாளிலும் அக்குழிவில் நாணல் பச்சையாக நின்றது. வன்னிப் பெரியவர் குச்சியால் குத்திப் பார்த்தார். ஒரு சாண் ஆழத்தில் ஈரம்.

இடத்தைக் காட்ட வந்திருந்த அலுவலரிடம், மண்சரிவுப் பரிசோதனை செய்த அறிக்கை இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். இருக்க வேண்டும் என்றார் அவர். காட்ட முடியுமா என்று கேட்டார். அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். காணி அவர் பெயருக்கு எழுதப்படுமா, கணவர் பெயருக்கா, அனுமதிப்பத்திரமா, உறுதியா என்று அடுத்த கேள்வி. அதற்கும் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

அவர் கையில் கையொப்பம் வைக்க வேண்டிய கடிதம் இருந்தது. அதை நாலாக மடித்துத் திரும்ப பையில் வைத்துக்கொண்டார். "அறிக்கையைக் கொண்டுவந்து காட்டுங்க ஐயா, அன்றைக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க இறங்கும்போது பெரியவர் அந்த அடைபட்ட கானின் வாயில் நின்று, காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். மம்பட்டி ஒன்று கிடைக்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார். கிடைத்தது. கடைசி பஸ் வருவதற்குள் பன்னிரண்டு அடி அள்ளிவிட்டோம்.